எவ்வளவு வெட்டுவாங்கன்னு இல்ல, எவ்வளவு மிஞ்சும்னு கேளுங்க

எல்லாருக்கும் வணக்கம். ஸ்கேன் பையும் கையுமா காட்பாடி ஸ்டேஷன்ல இறங்கி வேலூர் வர்ற குடும்பங்களுக்குத்தான் இன்னிக்கு வீடியோ. கல்லீரல்ல பெரிய ஆபரேஷன்னா உடனே கேக்குறது, “எவ்வளவு வெட்டுவாங்க?” ஆனா மிஞ்சுற துண்டு உடம்பைத் தாங்குமான்னுதான் கேக்கணும்.

கணக்கு பாருங்க. 160 சென்டிமீட்டர் உயரம், 60 கிலோ. இந்த உடம்புக்குக் கல்லீரல் சுமார் 1,275 மில்லி இருக்கணும். வலது பக்கத்தை எடுத்தா இடது பக்கம் 330 மில்லி மிஞ்சும்னு சிடி ஸ்கேன்ல அளந்து சொல்றாங்கன்னு வைங்க. அதாவது, இருக்க வேண்டியதுல 26 சதவீதம். கல்லீரல் ஆரோக்கியமா இருந்தா 20 போதும். நிறைய கீமோ ஏறியிருந்தா 30 வேணும். சிரோசிஸ்னா, அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகியிருந்தா, 40. அதே 330 மில்லி ஒருத்தரைக் காப்பாத்தும், இன்னொருத்தரைக் கவுத்துடும்.

சிரோசிஸ் இருக்கறவங்க ரிப்போர்ட்ல பிளேட்லெட்டைப் பாருங்க. 1 லட்சத்துக்குக் கீழ இருந்தா குடல்லருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோற போர்ட்டல் வெயின்ல பிரஷர் ஏறியிருக்கலாம், அது பெரிய எச்சரிக்கை. பச்சைச் சாயம் ஏத்தி, 15 நிமிஷம் கழிச்சு ரத்தத்துல எவ்வளவு மிச்சம்னு பாக்குற ஐசிஜி டெஸ்டும் உண்டு. 10 சதவீதத்துக்குள்ள இருந்தா நல்லது. மஞ்சள் காமாலை இருக்கும்போது அந்த நம்பரை நம்ப முடியாது.

துண்டு பத்தலன்னா வழி இருக்கு. வெட்டப்போற பக்கத்துக்குப் போற போர்ட்டல் வெயினை முதல்ல அடைச்சுடுவாங்க. ரத்தம் மறுபக்கம் திரும்பி, 4லிருந்து 6 வாரத்துல அந்தப் பக்கம் பெருசாகும். கட்டி வளர்ந்துடுமேன்னு பதறி இந்தக் காத்திருப்பை வேணாம்னு சொல்லிடாதீங்க. அந்த வளர்ச்சியே ஒரு பரீட்சை: வாரத்துக்கு 2 சதவீதப் புள்ளிகூட ஏறலன்னா, வெட்டினப்புறமும் அது திணறும்.

ஆபரேஷன் முடிஞ்சு முதல் ரெண்டு நாள் ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு காட்டுற நம்பர், ஏறுறது சகஜம். இறங்கணும், அதான் முக்கியம். அஞ்சாம் நாள் பிலிருபின் (காமாலை அளவு) சுமார் 3க்கு மேல, ஐஎன்ஆர் 1.7க்கு மேல, ரெண்டும் சேர்ந்து நின்னா உயிருக்கே ஆபத்து. 2005ல வந்த ஒரு ஆய்வுல, இப்படி இருந்தவங்கள்ல பாதிக்கு மேல இறந்துட்டாங்க. நடுவுல பிளாஸ்மா, அதாவது ரத்தத்தோட நீர்ப்பகுதி, ஏத்தியிருந்தா ஐஎன்ஆர் பொய்யா நல்லாத் தெரியும். அதனால நம்பரோட, பிளாஸ்மா எப்போ ஏத்தினாங்கன்னும் கேட்டு நோட்டுல எழுதி வைங்க. பேச்சு குழறினாலோ, பகல்லயே தூங்கி வழிஞ்சாலோ விடியட்டும்னு இருக்காதீங்க, அந்த நிமிஷமே நர்ஸைக் கூப்பிடுங்க.