வெள்ளைப்படுதல்: டாக்டரிடம் என்ன சொல்வது?

எல்லோருக்கும் வணக்கம்.

கறுப்பு உள்ளாடை வாங்கிச் சில மாதத்திலேயே நடுவில் மட்டும் சாயம் போய் வெளுத்திருக்கும். அதைப் பார்த்துப் பயந்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். பிறப்புறுப்பின் உள்ளே இருக்கும் நல்ல பாக்டீரியா லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகிறது. தயிர் புளிப்பதும் இதே அமிலத்தால்தான். துணியை வெளுக்க வைக்கிற அந்தப் புளிப்புதான் கெட்ட கிருமிகளை அண்டவிடாமல் வைத்திருக்கிறது. டெட்டால், சோப்பு என்று உள்ளே விட்டுக் கழுவினால் காவல்காரனை நாமே விரட்டுகிறோம். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரில் கழுவினால் போதும்.

வெள்ளைப்பட்டால் எலும்பு உருகி வருகிறது, சத்தெல்லாம் போகிறது என்பார்கள். எலும்பு எங்கேயும் உருகுவதில்லை. நிறமில்லாமலோ வெள்ளையாகவோ, அரிப்பும் கெட்ட வாடையும் இல்லாமல் வந்தால் அது இயல்பு. காய்ந்தால் மஞ்சளாகத் தெரியும். இரண்டு மாதவிலக்குக்கும் நடுவில் சில நாள் முட்டை வெள்ளைக்கரு போல இழுபடும். கர்ப்பத்தில் அளவு கூடும்.

மாறினால்தான் கவனிக்க வேண்டும். திரிந்த பால் போலக் கட்டிகட்டியாக வந்து அரிப்பு தாங்கவில்லையென்றால், பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. அடிக்கடி திரும்பினால் சர்க்கரை பாருங்கள். சாம்பல் நிறத்தில் நீர்த்து, மீன் வாடை அடித்தால் நல்ல பாக்டீரியா குறைந்து மற்றவை பெருகியிருக்கும். மஞ்சள் பச்சையாக நுரைத்து வந்தால் டிரைக்கோமோனாஸ் என்ற நுண்ணிய ஒட்டுண்ணியாக இருக்கலாம். அது உடலுறவில் பரவுவது. கணவரும் மாத்திரை சாப்பிடாவிட்டால் மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளும்.

மூன்றுக்கும் ஒரே மருந்து சரிப்படாது. மெடிக்கலில் "வெள்ளைப்படுது, ஏதாவது கொடுங்க" என்று கேட்டு வாங்குவது இங்கேதான் காலை வாருகிறது. பூஞ்சைக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் பூஞ்சை இன்னும் செழிக்கும். ஸ்டீராய்டு கலந்த கிரீம் அரிப்பை இரண்டு நாள் அமுக்கும், அவ்வளவுதான்.

டாக்டரிடம் போவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து உள்ளே மருந்து எதுவும் வைக்காதீர்கள். எப்போதிலிருந்து, என்ன நிறம், என்ன வாடை, கடைசி மாதவிலக்குத் தேதி, சாப்பிட்ட மருந்துகள், காப்பர் டி உண்டா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுபோங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் சீட்டை நீட்டிவிடலாம். பிறப்புறுப்பை மெல்ல விரித்து உள்ளே பார்க்க உதவும் ஸ்பெகுலம் கருவி வைத்துப் பார்க்கச் சில நிமிடம்தான் ஆகும். உடம்பை இறுக்காமல் மூச்சை மெதுவாக விட்டால் வலி குறையும். பஞ்சுக் குச்சியில் எடுத்த திரவத்தை உப்புநீர்ச் சொட்டில் கலந்து உடனே மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். டிரைக்கோமோனாஸ் துள்ளி ஓடுவதை வைத்துத்தான் அதை அடையாளம் காண்கிறார்கள். ஆறப்போட்டால் அசைவு நின்றுவிடும். கல்யாணமாகாத பெண் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், கருவி வைக்காமல் பார்க்க வழியுண்டு.

சிலவற்றுக்கு நாள் பார்க்கக் கூடாது. அடிவயிற்று வலியோடு காய்ச்சல் வந்தால் அன்றைக்கே போங்கள். ரத்தம் கலந்து வருவது, உறவுக்குப் பின் ரத்தக்கசிவு, வயதாகி மாதவிலக்கு அடியோடு நின்ற பிறகு ரத்தக்கசிவு, சிறு பெண் குழந்தைக்கு நாற்றத்தோடு வருவது, இவையும் தள்ளிப்போடக் கூடாதவை. கர்ப்பிணிகள் பூஞ்சை மாத்திரையை வாய்வழியாகத் தாங்களாக விழுங்காதீர்கள்.

உள்ளே வைக்கும் மாத்திரை கொடுத்தால் இரவு படுக்கும்போது வையுங்கள். காலையில் வெள்ளையாக வழியும். அது கரைந்த மருந்துதான். வெள்ளைப்படுதல் கூடிவிட்டது என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.