இசைக்குழுவைப் படமெடுக்கும்போது ஒலியை எங்கே பிடிப்பது?

(காட்சி: மொட்டைமாடி அறை, மெல்லிசைக் குழுவின் ஒத்திகை)

மேடை முழுவதையும் காட்ட வேண்டிய கேமரா பின்வரிசையில் நிற்பதில் தவறில்லை. ஆனால் மைக்கும் அதன் தலைமேலேயே இருந்தால், பாட்டைவிட அரங்கின் எதிரொலியும் பக்கத்து இருக்கைப் பேச்சுமே அதிகம் பதிவாகும். படத்துக்கு ஓர் இடம், ஒலிக்கு வேறோர் இடம் என்று முதலிலேயே பிரித்துக்கொள்வது, விலை உயர்ந்த மைக் தேடிச் சென்னையின் மின்னணுக் கடைவீதியான ரிச்சி தெருவுக்குப் போவதைவிடப் பெரிய பலன் தரும்.

ஒத்திகை அறையின் வெறும் சிமென்ட் சுவரில் கனத்த போர்வையைத் தொங்கவிட்டால் கூர்மையான எதிரொலி தணியும். பேஸ் கிட்டாரின் முழக்கத்தை அது தடுக்காது. மின்விசிறிக் காற்று மைக்கில் நேராகப் பட்டால் உண்டாகும் இரைச்சலைப் பிறகு முழுதாக நீக்குவது கடினம் என்பதால், ஒரு பாட்டு முடியும் வரையாவது அதை நிறுத்தச் சொல்லுங்கள். (சித்திரை வெயிலில் இப்படிக் கேட்கத் துணிச்சல் வேண்டும்.) ஸ்டீரியோ ரெக்கார்டரைப் பாடகருக்கு அருகிலும் டிரம்ஸிலிருந்து தள்ளியும் காது உயரத்தில் நிறுத்தி, ஹெட்போனில் கேட்டபடியே சிறிது சிறிதாக நகர்த்துங்கள், ஓரடி தள்ளினாலே குரலுக்கும் டிரம்ஸுக்கும் உள்ள விகிதம் மாறிவிடும்.

ஒலி அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது டிரம்ஸ் அடிக்கு ஒலியைத் தாழ்த்தி, அமைதியான இடத்தில் இரைச்சலை உயர்த்தும். குழுவின் மிகச் சத்தமான பாட்டை வாசிக்கச் சொல்லி, ரெக்கார்டரின் அளவுகாட்டியில் உச்சம் மைனஸ் 12 டெசிபெலைத் (பூஜ்யத்தைத் தாண்டினால் ஒலி சிதையும்) தொடுமாறு அமைத்து, பதிவுத் தரத்தை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என வைத்துப் பதியுங்கள்.

(காட்சி: சபா அரங்கு, மிக்ஸர் மேசை)

மேடை நிகழ்ச்சியில், மைக்குகளின் ஒலியைக் கலந்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும் மிக்ஸரிலிருந்து நேரடியாக ஒலியை வாங்கிக்கொண்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அது பாதி உண்மைதான். சிறிய அரங்கில் டிரம்ஸும் கிட்டார் ஆம்ப்ளிஃபயரும் தாமாகவே கேட்பதால், ஒலிப்பொறியாளர் அவற்றை ஒலிபெருக்கிக்குக் குறைவாகவே அனுப்புவார். அந்தக் கலவையை மட்டும் பதிந்தால் குரல் ஓங்கியும் தாளம் மங்கியும் ஒலிக்கும். ஆகவே, அரங்கின் முன்பகுதியில் இரண்டு மைக்குகளை வைத்துத் தனியாகப் பதிந்து, எடிட்டிங்கில் இரண்டையும் கலக்க வேண்டும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர்தான் செல்லும் என்பதால், ஒலிபெருக்கியிலிருந்து 10 மீட்டர் தள்ளியிருக்கும் மைக்கில் அது சுமார் 29 மில்லி விநாடி தாமதமாகப் பதியும். கலக்கும்போது அந்த மைக்கின் பதிவை அந்த அளவுக்கு முன்னே நகர்த்துங்கள்.

மைக்கைவிடப் பல மடங்கு வலுவான மிக்ஸரின் லைன் வெளியீட்டை ரெக்கார்டரின் மைக் உள்ளீட்டில் செருகினால் ஒலி சிதைந்துவிடும். ரெக்கார்டரில் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கேட்டால், அதை மின் அடாப்டரிலிருந்து கழற்றிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள்; அப்போதும் அடங்காவிட்டால், டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பெட்டியை (நேரடி மின்தொடர்பைத் துண்டித்து ஒலியை மட்டும் கடத்தும் சிறு பெட்டி) மிக்ஸருக்கும் ரெக்கார்டருக்கும் இடையில் பொருத்துங்கள். பிளக்கின் எர்த் முனையை உடைப்பது உயிருக்கே ஆபத்து. எலியட்ஸ் கடற்கரை போன்ற திறந்தவெளியில் மைக்குக்கு மயிர்த்துணி உறை கட்டாயம் வேண்டும்.

கேமராவும் ரெக்கார்டரும் ஓடத் தொடங்கியபின் படத்தில் தெரியுமாறு ஒருமுறை கை தட்டுங்கள். பின்னர் பொருத்துவதற்கு அதுவே அடையாளம். இரு கருவிகளின் கடிகாரங்களும் மிகச் சிறிதளவு வேறுபடுவதால், நீண்ட கச்சேரியில் உதட்டசைவும் குரலும் மெல்ல விலகும். எனவே, கடைசிப் பாட்டின் கரவொலி அடங்கியதும் இன்னொரு முறை தட்டிவிட்டே ரெக்கார்டரை நிறுத்துங்கள்.