கபடி பாடிய வாய்

கூட்டத் தலைவர் அவர்களே, எத்தனையோ அலுவல்களை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, எனக்கு எழுத்தறிவித்த தலைமையாசிரியர் ஐயா அவர்களே, திருப்பாதிரிப்புலியூர் வணிகப் பெருமக்களே, தேவனாம்பட்டினத்துக் கபடி வீரர்களே, தாய்மார்களே, வணக்கம். மின்விளக்கு அமைத்துத் தந்த தம்பிகளுக்கும் நன்றி.

நம் மளிகைக்கடை அண்ணனின் ஆட்டம், கடை, கொடை ஆகிய மூன்றையும் பேச வந்திருக்கிறேன். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இராது என்பார்கள். கபடிக்காரருக்குக் காலும் ஆட வேண்டும், மூச்சு விடாமல் வாயும் பாட வேண்டும். முழங்கால் சவ்வு கிழிந்து களத்தை விட்டு வந்தவர், அதே காலோடு பொழுதெல்லாம் கல்லாவில் நிற்கிறார்.

தானே புயலை மறந்திருக்க மாட்டீர்கள். 2011 டிசம்பர் 30, விடியற்காலை. கடையின் தகரக் கூரை அடுத்த தெருவில் கிடந்தது. சாலையெங்கும் மரங்கள். மின்சாரம் இல்லை. மெழுகுவத்தி விலை ஏறிய நேரத்தில் இவர் பழைய விலைக்கே கொடுத்தார். வண்டி போக வழியில்லை. கூட ஆடிய பிள்ளைகளை அழைத்தார். அரிசி மூட்டைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு, விழுந்த மரங்களைத் தாண்டித் தெருத்தெருவாகப் போனார்கள். ஆடிய கால் சும்மா இருக்குமா? “கையில் காசில்லையே தம்பி” என்றார் ஒரு பாட்டி. “முதலில் உலையை வையுங்கள் ஆயா” என்றார் அண்ணன். பொங்கல் கழிந்து ஒரு பெரியவர் கடனை அடைக்க வந்தார். கணக்கு நோட்டைப் புரட்டினால் அந்த நாட்களுக்கு ஒரு வரிகூட இல்லை. “விளக்கில்லையே ஐயா, எப்படி எழுதுவது?” என்றாராம்! கைதட்டுங்கள், இன்னும் பலமாகத் தட்டுங்கள்.

கொடையைப் பற்றிப் பேச நேரமில்லை. அதைவிட அவசரமான காரியம் இருக்கிறது. 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி சேர்க்கப்பட்டது; இந்தியா தங்கம் வென்றது. இன்று பெரிய போட்டிகள் செயற்கை விரிப்பில் நடக்கின்றன. நம் பிள்ளைகளோ மண்ணில் வெறுங்காலோடு பழகுகிறார்கள். விரிப்பில் ஷூ அணிந்து திரும்பும்போது அவர்கள் கால் தடுமாறுகிறது. திறமை குறைவல்ல, பழக்கம் இல்லை. ஆடிய கால் சும்மா இராது, சரி. ஆடுவதற்கு இடம் வேண்டாமா? ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். சுற்றிலும் கொஞ்சம் இடம். இவ்வளவுதான் கேட்கிறோம். கடைக்குப் பின்னால் உள்ள தன் மனையைத் தருவதாக அண்ணன் சொல்லிவிட்டார்.

மாமன்ற உறுப்பினர் அவர்களே, அந்தக் களத்துக்குக் கூரை போட ஒரு வழி சொல்லிவிட்டுத்தான் தாங்கள் மேடையை விட்டு இறங்க வேண்டும். விரிப்பை நாங்கள் வாங்குகிறோம். அண்ணனுக்குப் பொன்னாடை கொண்டுவந்தவர்கள் அதை வாங்கிய துணிக்கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தைப் போடுங்கள். உண்டியல் மேடைக்கு இடப்பக்கம் இருக்கிறது.