எட்டாயிரம் என்ற எண்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

கோப்பும் முத்திரையுமாக ஓர் அலுவலகத்தில் பல ஆண்டுகளைக் கழித்தவன் நான். அதனாலோ என்னவோ, இரண்டாம் உலகப்போர் பற்றி எதைப் படித்தாலும் கார்ல் லுட்ஸ் என்ற சுவிஸ் அதிகாரியிடம்தான் என் மனம் போய் நிற்கிறது. அவர் ஒரு குமாஸ்தாவின் கருவிகளைக் கொண்டே பல்லாயிரம் பேரின் உயிரைக் காத்தவர்.

1895இல் சுவிட்சர்லாந்தின் கிழக்கு மூலையில், வால்சென்ஹவுசன் என்ற மலையூரில் பிறந்தார். பதினெட்டு வயதில் பிழைப்புக்காக அமெரிக்கா போனார். வாஷிங்டனில் இருந்த சுவிஸ் தூதரகத்தில் 1920இல் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே படித்துப் பட்டமும் பெற்றார். 1935இல் அவரைப் பாலஸ்தீனத்தின் யாஃபா நகருக்குத் துணைத் தூதராக அனுப்பினார்கள். போர் மூண்டதும், பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த அந்த மண்ணில் ஜெர்மானியர்களின் நலனைக் கவனிக்கும் பொறுப்பு நடுநிலை நாடான சுவிட்சர்லாந்திடம் வந்தது. லுட்ஸ் அதை நேர்மையாகச் செய்தார். 1942இல் ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டுக்கு மாற்றலாகிப் போனபோது நிலைமை தலைகீழ். அங்கே அவர் அமெரிக்கா, பிரிட்டன் முதலிய ஜெர்மனியின் எதிரி நாடுகளின் நலனைக் கவனிக்க வேண்டியிருந்தது. ஆனால் யாஃபாவில் செய்த உதவியை ஜெர்மானிய அதிகாரிகள் மறக்கவில்லை. அந்த நன்றிக்கடன் பிறகு கைகொடுத்தது.

1944 மார்ச் 19. ஜெர்மன் படை ஹங்கேரிக்குள் நுழைந்தது. மே நடுவிலிருந்து ஜூலை தொடக்கம் வரை, எட்டு வாரம்கூட ஆகவில்லை, சுமார் 4,37,000 யூதர்களை ரயில் பெட்டிகளில் அடைத்து அனுப்பிவிட்டார்கள். பெரும்பாலோர் போய்ச் சேர்ந்த இடம் ஆஷ்விட்ஸ் என்ற நாஜிக் கொலை முகாம்.

பாலஸ்தீனம் செல்வதற்கென ஏற்கெனவே தயாராகியிருந்த அனுமதிகளைக் கையில் வைத்துக்கொண்டு லுட்ஸ் ஜெர்மானியத் தூதர் வேசன்மயரிடமும், யூதர்களை நாடுகடத்தும் வேலையை நடத்திய ஐக்மன் என்ற நாஜி அதிகாரியிடமும் பேச்சு நடத்தினார். எட்டாயிரம் பேரை விடலாம் என்று இசைந்தார்கள். இங்கேதான் நேயர்களே, அலுவலகத்தில் உழைத்தவர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். யூதர்களைப் பாலஸ்தீனத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவந்த பாலஸ்தீன அலுவலகத்தை நடத்திய மிக்லோஷ் க்ரவுஸ் என்ற யூதரோடு சேர்ந்து லுட்ஸ் அந்த எட்டாயிரத்தை எட்டாயிரம் குடும்பங்கள் என்று பொருள் கொண்டார். அவர்களுக்குக் கொடுத்த பாதுகாப்புக் கடிதங்களுக்கு ஒன்று முதல் எட்டாயிரம் வரை எண் இட்டார்கள். எட்டாயிரம் முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்கள். எந்தக் கடிதத்தை எடுத்துப் பார்த்தாலும் அதன் எண் அனுமதித்த வரம்புக்குள்தான் இருக்கும்.

அந்தக் கடிதத்தின் படத்தை நான் பார்த்திருக்கிறேன். ஒரே தாள். ஜெர்மன் மொழியில் ஒரு பத்தி, ஹங்கேரிய மொழியில் ஒரு பத்தி. இன்னார் பெயர் கூட்டுக் கடவுச்சீட்டில் பதிவாகியுள்ளது, ஆகவே அவரைச் செல்லத்தக்க கடவுச்சீட்டு உடையவராகவே கருத வேண்டும் என்பதுதான் வாசகம். கீழே தூதரக முத்திரை. கருணை என்ற சொல்லோ கெஞ்சலோ அதில் கிடையாது. பாலஸ்தீனத்துக்குப் பயணம் நடக்கவே இல்லை. அந்தத் தாளே கேடயமாயிற்று.

கடிதம் வைத்திருந்தவர்கள் தங்க இடம் வேண்டுமே? 76 வீடுகளைச் சுவிஸ் பாதுகாப்பின்கீழ் கொண்டுவந்தார். வடாஸ் தெருவில் ஆர்தர் வைஸ் என்ற கண்ணாடி வியாபாரியின் கட்டடம் இருந்தது. கண்ணாடி வீடு என்றே அதற்குப் பெயர். அதில் சுமார் மூவாயிரம் பேர் நெருக்கியடித்துத் தஞ்சம் புகுந்தார்கள். வைஸை ஹங்கேரியின் நாஜி ஆதரவுக் கட்சியான அம்புச் சிலுவைக் கட்சியினர் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவேயில்லை.

அக்டோபர் 15 அன்று அந்தக் கட்சி ஆட்சியைப் பிடித்ததும் நிலைமை முற்றியது. யூத இளைஞர்கள் லுட்ஸின் கடிதத்தைப் போலவே ஆயிரக்கணக்கில் போலிகளை அச்சிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உயிர் போகிற நேரத்தில் வேறென்ன செய்வார்கள்? அது அதிகாரிகளின் கண்ணில் பட்டது. ஓபுடா செங்கல் சூளையில் ஆயிரக்கணக்கானோரை அடைத்து வைத்துவிட்டு, எது அசல், எது போலி என்று பிரித்துக்காட்டும்படி லுட்ஸையும் அவருடைய மனைவி கெர்ட்ரூடையும் வற்புறுத்தினார்கள். மறுத்தால் எல்லாக் கடிதமும் செல்லாது என்ற மிரட்டல். குளிரில் மணிக்கணக்காக நின்று தாள்களை வாங்கிப் பார்த்தார்கள். எதிரே வரிசையில் நின்றவர்களின் கண்களை அவர்கள் எப்படிச் சந்தித்திருப்பார்கள்! லுட்ஸின் வாழ்வில் நான் மறுபடி மறுபடி திரும்பிப் போகிற இடம் அந்தச் சூளைதான். தன் கையெழுத்தைத் தானே சரிபார்த்து ஒருவரைச் சாவுக்கு அனுப்ப நேர்வதைவிடக் கொடிய வேலை ஓர் எழுத்தருக்கு வாய்க்க முடியாது.

அவர் காத்தவர்கள் 62,000 பேர் வரை இருக்கலாம் என்று சொல்கிறார்கள். வரலாற்றாசிரியர்கள் இந்த எண்ணிக்கையில் ஒத்துப்போவதில்லை. பல்லாயிரம் என்பதில் ஐயமில்லை.

போர் முடிந்து ஊர் திரும்பியவருக்கு, அதிகார வரம்பை மீறினார் என்ற கண்டனம்தான் கிடைத்தது. எனக்கு இன்றும் ஆறாத கோபம் இது. 1964இல் யூதப் படுகொலையின் நினைவாக இஸ்ரேல் அமைத்த யாட் வாஷெம் நிறுவனம் அவரை உலக நாடுகளின் நேர்மையாளர் என்று கௌரவித்தது. 1978இல் கெர்ட்ரூடுக்கும் அந்த மரியாதை சேர்ந்தது. பெர்ன் நகரின் கூட்டாட்சி அரசு மாளிகையில் ஓர் அறைக்கு லுட்ஸின் பெயரைச் சூட்ட 2018 வரை ஆயிற்று. அவர் காலமானதோ 1975இல்.

ஓய்வுபெறும் வரை அவர் இருந்த இடம் ஆஸ்திரியாவின் பிரெகென்ஸ் என்ற ஏரிக்கரை நகரம். ஒரு சிறிய தூதரகம். அங்கிருந்து பார்த்தால் எல்லைக்கு அப்பால் அவர் பிறந்த வால்சென்ஹவுசன் மலைச்சரிவு தெரியும்.

வணக்கம்.