உருக்கும் தட்டிலிருந்து எடுத்த ஆற்காடு ரூபாய்

வணக்கம் மக்களே! இன்றைக்கு அந்த எட்டணா வரிசை வீடியோதான் வர வேண்டியது. அதைத் தள்ளி வைத்துவிட்டேன், இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. இருங்கள், கொஞ்சம் சாய்த்துக் காட்டுகிறேன். தெரிகிறதா? பாரசீக எழுத்து, நடுவில் குட்டியாக ஒரு தாமரை. ஆற்காடு ரூபாய்! நம்ம ஆற்காடு!

வேலூர் லாங் பஜாரில் ஒரு வெள்ளிக் கடை, பெயர் வேண்டாம். ஒரு பாட்டி பழைய வெள்ளியைப் போட்டுப் பேத்திக்குக் கொலுசு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அறுந்த அரைஞாண், நசுங்கிய குங்குமச்சிமிழ், அதற்கு நடுவில் இது கிடக்கிறது. எல்லாம் உருக்குவதற்கு ஒதுக்கிய தட்டு. "அண்ணே, இது பழைய காசு, உருக்காதீங்க" என்றேன். "காசா இருந்தா என்ன, கொலுசா இருந்தா என்ன தம்பி, உருக்கினா எல்லாம் வெள்ளிதான்" என்றார். சரி, எனக்குக் கொடுங்கள் என்றேன். அடுத்த நொடியே விலை வெள்ளி விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேலே போய்விட்டது! பாட்டியிடம் கழிவு போகக் கிராம் கணக்கு, என்னிடம் மட்டும் காசுக் கணக்கு. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்த மிச்சப் பணம் பாட்டிக்குப் போயிருக்க வேண்டியது.

அப்புறம் பேரம். மற்றதெல்லாம் படிந்துவிட்டது, கடைசி நூற்றைம்பது ரூபாயில் வந்து நின்றது. அவர் இறங்கவில்லை. நானும் இறங்கவில்லை. டீ வந்தது, குடித்தோம், வெள்ளி விலை ஏறுவதைப் பற்றிப் பேசினோம், மறுபடியும் அதே நூற்றைம்பது. எழுந்து செருப்பை மாட்டிவிட்டேன். வாசல்படி இறங்கும்போது "வாங்க தம்பி, எடுத்துக்கோங்க" என்று குரல் வந்தது. ஜெயித்துவிட்டேன் மக்களே! அந்தப் பணத்துக்கு மக்கன் பேடா வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

இப்போது விஷயம். வெள்ளி விலைக்கு மேலே ஏன் கொடுக்கிறோம்? இந்தக் காசையே எடுத்துக்கொள்வோம். இதில் இருப்பது முகலாய பாதுஷா இரண்டாம் ஆலம்கீர் பெயர். ஹிஜ்ரி 1172, ஆட்சியாண்டு 6. நம் கணக்கில் 1759 வாக்கில் வரும். ஆனால் காசு அடித்தது அப்போது இல்லை. பாதுஷா செத்துப் பல வருடம் கழித்தும் கிழக்கிந்தியக் கம்பெனி அதே பெயரையும் அதே வருடத்தையும் போட்டு அடித்துக்கொண்டே இருந்தது. ஜனங்களுக்குப் பழகிய காசு, அதை மாற்றினால் வாங்க மாட்டார்கள் என்ற பயம். அடித்த இடமும் ஆற்காடு இல்லை! தாமரை இருந்தால் சென்னை நாணயச்சாலை. பிறை இருந்தால் பாண்டிச்சேரி, பிரெஞ்சுக்காரர்கள் அடித்தது. பிரெஞ்சுக்காரர்களுக்கு 1736-இல் ஆற்காட்டு நவாப் அனுமதி கொடுத்தார், இங்கிலீஷ்காரர்களுக்கு 1742-இல் கிடைத்தது. இத்தனை அரசியலும் இந்த ஒரு வட்டத்துக்குள்ளே இருக்கிறது. உருக்கினால் கையில் வருவது வெள்ளி மட்டும்தான். சேர்க்கிறவன் பணம் கொடுப்பது, உருக்கினால் எது போய்விடுமோ அதற்கு.

எத்தனை மிச்சம் இருக்கிறது என்பது அடுத்த கணக்கு. 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் வந்தது. ராஜாவின் அங்கியில் ஒரு யானை உண்டு, அது பார்க்கப் பன்றி போலவே இருந்தது. பெரிய எதிர்ப்பு. சுமார் 94 லட்சம் அடித்ததில் 7 லட்சம்தான் வெளியே போனது, மற்றதை உருக்கிவிட்டார்கள். 1912 காசில் யானையைத் திருத்தினார்கள். இரண்டும் அதே 11.66 கிராம், அதே 91.7 சதவீத வெள்ளி. ஆனால் சந்தையில் 1911-க்குத் தனி விலை.

அமெரிக்காக் கதை இன்னும் பெரிது. முதல் உலகப் போர் சமயத்தில் இங்கே ரூபாய் அடிக்க வெள்ளி இல்லை. 1918-இல் அவர்கள் சட்டம் போட்டு 27 கோடி வெள்ளி டாலரை உருக்கினார்கள், அதில் பெரும்பகுதி இந்தியாவுக்குத்தான் வந்தது. எந்த வருடத்துக் காசு எத்தனை உருகியது என்று கணக்கே வைக்கவில்லை. அங்கே சில வருடத்துக் காசுக்கு அடித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அய்யோ, ஒன்று விட்டுவிட்டேன். 1940 முதல் 1945 வரை வந்த ரூபாயில் பாதிதான் வெள்ளி. எடை அதே 11.66 இருக்கும், தராசு சொல்லாது. கடையில் போடுகிறவர்களும் வாங்குகிறவர்களும் வருடத்தைப் பாருங்கள். ராணி படம் போட்ட 1862 ரூபாயும் அப்படித்தான் ஏமாற்றும். 1862 என்று போட்டே 1874 வரை அடித்தார்கள், கூடவே இருக்கும் புள்ளிகளை வைத்துத்தான் எந்த வருடம் என்று பிரிப்பார்கள். புள்ளிக்காகவே அதிகம் கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், நானும் அந்தக் கூட்டம்தான்.

இப்போது எனக்குப் பிடிக்கவே பிடிக்காத ஒன்று. விபூதி! புளி! குத்துவிளக்குத் தேய்க்கிற மாதிரி காசைத் தேய்க்கிறார்கள். வெள்ளியில் காற்றிலிருக்கும் கந்தகம் சேர்ந்து கறுக்கும். அந்தக் கறுப்பு இயற்கையாக வந்ததென்றால் வாங்குகிறவனுக்கு அது நம்பிக்கை. தேய்த்தால் அதுவும் போய், முத்திரையின் கூர்மையும் போய், நுண்கோடுகள் விழுந்து, நல்ல காசு மறுபடியும் வெறும் எடைக்கு வந்து நிற்கும். சங்கிலியில் கோக்க வளையம் பற்றவைத்த காசும் அதே கதிதான். அந்தக் கடைக்காரர் காசைக் கொடுக்கும்போது "பளிச்சுன்னு ஆக்கித் தரட்டுமா" என்று பிரஷ்ஷை எடுத்தார். கையைப் பிடித்துவிட்டேன்.

நிறுத்துப் பார்த்தேனா என்று கேட்பீர்கள். என் குட்டித் தராசு இல்லாமல் நான் எங்கே போயிருக்கிறேன்? தேய்மானம் போக 11.4 காட்டியது. ஓரத்தையும் லென்ஸில் பார்த்தேன். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்: ஓரத்தில் வரிவரியாகக் கோடு இருக்கிறது, அதாவது இயந்திரத்தில் அடித்த பிற்காலக் காசு. வார்ப்பில் எடுத்த போலி என்றால் ஓரத்தில்தான் மாட்டிக்கொள்ளும், நடுவே ஒட்டுக்கோடு தெரியும்.

இன்னொன்று, வெளிநாட்டில் இருக்கிற நம்ம ஆட்கள் அனுப்பச் சொல்லிக் கேட்கிறீர்கள். நூறு வருடம் தாண்டிய காசு 1972 சட்டப்படி தொல்பொருள், நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. என்ன விலை கொடுத்தாலும் அனுப்ப மாட்டேன்.

அடுத்து பாண்டிச்சேரிப் பிறைக் காசு தேடப் போகிறேன். உங்கள் பாட்டி சுருக்குப் பையில், சாமி அலமாரியில் பாரசீக எழுத்துப் போட்ட வெள்ளி ஏதாவது கிடந்தால் தேய்க்காமல் அப்படியே போட்டோ எடுத்து அனுப்புங்கள். இரண்டு பக்கமும் வேண்டும், ஓரமும் வேண்டும்.