ராஜா தலைமேல் விழுந்த முத்திரை

அவையோருக்கு வணக்கம். கும்பகோணத்துக்கு வந்து வெற்றிலையைப் பற்றிப் பேசாமல் தபால்தலையைப் பற்றிப் பேசச் சொல்கிறீர்கள். உங்கள் துணிச்சலுக்கு நன்றி.

இந்த மேசைமேல் மூன்று தபால்தலைகள் இருக்கின்றன. மூன்றிலும் ஒரே முகம், ஆறாம் ஜார்ஜ் மன்னர். முதல் தலை, 1941இல் மலாயாவின் பினாங்கிலிருந்து என் அப்பாயிக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்கு, அவருடைய அண்ணன் எழுதிய கடிதத்தில் ஒட்டியிருந்தது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் போனவர். தம்பியையும் அழைத்துக்கொண்டார். தம்பிக்குக் கடாரத்தில், அதாவது கெடாவில், ரப்பர் தோட்ட வேலை. ஆம், நம் ராஜேந்திர சோழன் வென்ற அதே கடாரம்தான்.

இரண்டாவது தலையை நான் பின்னாளில் விலைக்கு வாங்கினேன். 1941 டிசம்பரில் பினாங்கு ஜப்பானியர் கைக்குப் போனது. கையிருப்பில் கிடந்த ராஜா தலைகளை அவர்கள் எரித்துவிடவில்லை. முதலில் அதிகாரிகள் தங்கள் பெயர் முத்திரையையே அவற்றின்மேல் குத்தினார்கள். பிறகு ‘டாய் நிப்பான் 2602’ என்று அச்சடித்தார்கள். டாய் நிப்பான் என்றால் மகா ஜப்பான்; 2602 ஜப்பானிய ஆண்டுக் கணக்கு, நம் 1942. ஒரே இரவில் பினாங்கு 660 ஆண்டு முன்னே போய்விட்டது! வேடிக்கை என்னவென்றால், வெள்ளைக்காரன் ஆட்சி முடிந்ததை வெள்ளைக்காரன் எழுத்திலேயே அச்சடித்திருந்தார்கள்.

1943இல் ஜப்பானியர் புதிதாகவே தபால்தலைகள் வெளியிட்டார்கள். அவற்றில் ஒன்றில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் காட்சி. அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். அதே ஆண்டில்தான் அவர்களை ஆயிரக்கணக்கில் சயாம் காட்டுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். சுமார் 415 கிலோமீட்டர் பாதை. காலராவிலும் பட்டினியிலும் மாண்டவர்களுக்குச் சரியான கணக்குக்கூட இல்லை. தோட்டத் தொழில் தபால்தலையில் ஏறியது, தொழிலாளி தண்டவாளத்துக்குப் போனான்.

அந்த மூன்றரை ஆண்டும் மலாயாவிலிருந்து அப்பாயிக்கு ஒரு கடிதம்கூட வரவில்லை. எதிரி நாட்டுக்கு ஏது தபால்?

மூன்றாவது தலை 1946இல் வந்தது. அதே ராஜா, மேலே ‘பி.எம்.ஏ. மலாயா’ என்ற அச்சு. பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் திரும்பி வந்துவிட்டதாம். ‘நலம், நலமறிய ஆவல்’ என்று அண்ணன் தொடங்கியிருந்தார். அரிசி விலை, செல்லாக் காசாகிப்போன ஜப்பான் நோட்டு, எல்லாம் எழுதியிருந்தார். தம்பியைப் பற்றி ஒரு வரி இல்லை.

எதிர்வீட்டுப் பையன் கடிதத்தை மூன்று முறை படித்துக் காட்டினானாம். அப்பாயி அதை வாங்கித் திருப்பி, “பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா, பார் தம்பி” என்று கேட்டாராம்.