"கறுப்பெண்டாலும் வடிவு": அந்த "ஆலும்" பற்றி

வணக்கம் உறவுகளே. பின்னால் தெரிவது யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடல். காற்று பலமாக அடிக்கிறது, இரைச்சல் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக இந்த நேரம் ஏதாவது சாப்பாட்டுக் கடைக்குள் உங்களைக் கூட்டிக்கொண்டு போவேன். இன்று கதைக்க மட்டும்தான் வந்திருக்கிறேன்.

முகத்தில் ஏதோ மாற்றம் தெரிகிறதா? போனில் முகத்தை வெளுப்பாக்கும் பில்டரை நிறுத்திவிட்டேன். இதுவரை போட்ட எல்லா வீடியோவிலும் அது இருந்தது. போன கிழமை ஒரு தங்கச்சி மெசேஜ் போட்டிருந்தா: "அக்கா, நீங்கள் எப்படி இவ்வளவு வெள்ளை? என்ன கிறீம் பூசுகிறீர்கள்?" அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அந்தப் பிள்ளைக்கு நான் பொய் காட்டியிருக்கிறேன். தங்கச்சி, என்னை மன்னித்துக்கொள். என் நிறம் இதுதான்.

நான் பிறந்தபோது பார்க்க வந்த பெரியம்மா, முதலில் என் காது மடலைத்தான் திருப்பிப் பார்த்தாவாம். காதின் நிறம்தான் பிறகு பிள்ளையின் நிறம் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். பார்த்துவிட்டு, "பரவாயில்லை, கறுப்பெண்டாலும் வடிவாய்த்தான் வருவாள்" என்றாவாம். அன்பாகத்தான் சொன்னா. அந்த வசனத்தை நான் வளர வளர எத்தனையோ பேர் சொன்னார்கள். எல்லாரும் "வடிவு" என்ற சொல்லைச் சொன்னதாக நினைத்துக்கொண்டு போனார்கள். எனக்குக் கேட்டது அந்த "ஆலும்" மட்டும்தான்.

அடுத்தது, எங்கள் சேர்ச்சிலேயே நடந்தது. இதை எந்த ஆசிரியரையும் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. எனக்கு எட்டு வயது. ஞாயிறு பாடசாலையில் இருதய வடிவத்தில் காகிதம் வெட்டிக் காட்டுவார்கள். கறுப்புக் காகிதம் பாவம், சிவப்பு இயேசுவின் இரத்தம், வெள்ளை சுத்தமான இருதயம். அந்த மாதம் மனப்பாட வசனமாக 51ஆம் சங்கீதத்தின் 7ஆம் வசனம் வந்தது: "என்னைக் கழுவியருளும், அப்பொழுது நான் உறைந்த மழையிலும் வெண்மையாவேன்." உறைந்த மழை என்றால் என்ன என்று அம்மாவிடம் கேட்டேன். கனடாவில் இருக்கும் மாமி அனுப்பிய படத்தை எடுத்துக் காட்டினா. வீட்டுக்கூரை, மரம், கார் எல்லாம் வெள்ளை.

எட்டு வயதுப் பிள்ளை இந்த இரண்டையும் எப்படிச் சேர்க்கும், சொல்லுங்கள். கிணற்றடியில் தேங்காய்ப் பொச்சை எடுத்துக் கையைத் தேய்த்தேன். தோல் எரியும்வரை தேய்த்தேன். கர்த்தரும் என்னில் பிழை காண்கிறார் என்றுதான் விளங்கிக்கொண்டேன். சனம் சொன்னதைக்கூடத் தாங்கலாம். ஆண்டவரும் அதையே சொல்கிறார் என்று ஒரு பிள்ளை நம்பிவிட்டால், அது யாரிடம் போய் அழும்?

இருபத்திரண்டு வயதில் எனக்குக் கலியாணப் பேச்சுக்கால் தொடங்கியது. முதலில் வந்த சம்பந்தம், படம் பார்த்த பிறகு நின்றுபோனது. "பிள்ளை கொஞ்சம் நிறம் குறைவு" என்று புரோக்கர் சொன்னார். அந்தக் கிழமையே ஒரு கடையில் லேபிள் ஒழுங்காக இல்லாத சின்ன டப்பா கிறீம் ஒன்று வாங்கினேன். இரண்டு கிழமையில் முகம் பளபளத்தது. எல்லாரும் பாராட்டினார்கள். மூன்றாம் மாதம் வெயிலில் நின்றால் நெருப்புப் பட்டதுபோல் எரிந்தது. கன்னத்தில் மெல்லிய சிவப்பு நரம்புகள் தெரிந்தன, பருக்கள் கொத்தாக வந்தன. தோல் வைத்தியரிடம் போனபோது அவர் முதலில் கேட்டது, "டப்பாவைக் கொண்டுவந்தீர்களா?" என்றுதான்.

அவர் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன், இது முக்கியம். இப்படியான கிறீம்கள் சிலவற்றில் பலமான ஸ்டீரொய்ட் இருக்கும். நாள்பட்டால் அது தோலை மெல்லியதாக்கிவிடும். சிலவற்றில் பாதரசம் இருக்கும். தோலுக்கு நிறம் தருகிற மெலனின் உண்டாவதை அது தடுக்கிறது, அதனால்தான் வெளுக்கிறது. அதே பாதரசம் உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். மினமாட்டா என்ற சர்வதேச உடன்படிக்கையில், பாதரசம் சேர்த்த அழகுக் கிறீம்களைச் செய்யவோ ஏற்றுமதி இறக்குமதி செய்யவோ 2025க்குப் பிறகு கூடாது என்று வைத்திருக்கிறார்கள். ஆனாலும் சில டப்பாக்களில் உள்ளே இருப்பதை எழுதுவதே இல்லை. இப்போது ஸ்டீரொய்ட் கிறீம் பூசிக்கொண்டிருப்பவர்கள் பயந்து ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீரொய்ட் கிறீமைத் திடீரென்று நிறுத்தினால் தோல் இன்னும் மோசமாகலாம். பாதரசம் இருக்கிறது என்று தெரிந்தால் அதை உடனே நிறுத்துங்கள். எதுவானாலும் டப்பாவோடு கெதியாக வைத்தியரிடம் போங்கள்.

சரி, அப்படி முகம் புண்ணாகிக் கிடந்த ஒரு லெந்து காலம், இயேசுவின் பாடுகளை நினைக்கும் தவக்காலம். முதல் புதன்கிழமை ஆராதனைக்குச் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு போய்க் கடைசி வாங்கில் இருந்தேன். 51ஆம் சங்கீதம் வாசித்தார்கள். "உறைந்த மழையிலும் வெண்மையாவேன்." எனக்குக் கோபம் வந்தது. உண்மையாகவே ஆண்டவரோடு கோபித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வந்து வேதாகமத்தை எடுத்து, இந்த உறைந்த மழை வேறு எங்கெங்கே வருகிறது என்று தேடத் தொடங்கினேன்.

எண்ணாகமம் 12ஆம் அதிகாரம். மோசேயின் மனைவி எத்தியோப்பிய தேசத்துப் பெண். அவளைக் கட்டியதற்காக மோசேயின் அக்கா மிரியாம் வாய்காட்டுகிறாள். நாங்கள் அறிந்த மாமிமாரின் கதைதான். கர்த்தர் அதைக் கேட்டுக் கோபப்படுகிறார். தண்டனை என்ன தெரியுமா? மிரியாம் "உறைந்த மழையின் வெண்மைபோன்ற" குஷ்டரோகியாகிறாள். வெண்மை அங்கே நோயாக வருகிறது. அந்த எத்தியோப்பியப் பெண்ணைப் பற்றிக் கர்த்தர் ஒரு குறைகூடச் சொல்லவில்லை. அந்த இடத்தை நான் மூன்று தரம் வாசித்தேன். கை நடுங்கியது.

திரும்பவும் சங்கீதத்துக்கு வந்தேன். அதன் தலைப்பில் எழுதியிருக்கிறது: பத்சேபாளிடம் போன பிறகு, நாத்தான் தீர்க்கதரிசி வந்து கண்டித்தபோது தாவீது பாடியது. அவளுடைய கணவன் உரியாவைச் சாகக் கொடுத்தவன் தாவீது. அவனுக்கு அழகில் ஒரு குறையும் இல்லை. சிவந்த மேனி, அழகான கண்கள் என்று சாமுவேலின் புத்தகமே சொல்கிறது. அந்தச் சிவந்த மேனிக்காரன்தான் "என்னைக் கழுவியருளும்" என்று கதறுகிறான். அவன் கழுவக் கேட்டது தான் செய்ததை. நானோ செய்யாத ஒன்றை, கர்த்தர் செய்ததை, பொச்சால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்காக எனக்குப் பாவம் இல்லை என்று சொல்லவில்லை. பொய் சொல்லியிருக்கிறேன், என்னைவிட வெளுத்த தங்கச்சியின் மேல் வருடக்கணக்காக எரிச்சல் வைத்திருந்தேன். கழுவப்பட வேண்டியது அது. அதை அன்று இரவு ஆண்டவரிடம் சொல்லி அழுதேன். தோலைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் அப்படி நான் செய்த முதல் ஜெபம் அது.

பிறகு எங்கள் போதகர் ஐயாவிடம் கதைத்தேன். அவர் உன்னதப்பாட்டின் முதல் அதிகாரத்தைத் திறந்து காட்டினார்: "நான் கறுப்பாயிருந்தாலும் அழகாயிருக்கிறேன்." எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இங்கேயும் அதே "ஆலும்" தானே, ஐயா, என்றேன். அவர் சொன்னார்: "பிள்ளை, எபிரேய மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது ஒரேயொரு இணைப்பு எழுத்து. அதை 'ஆனாலும்' என்றும் எடுக்கலாம், 'உம்' என்றும் எடுக்கலாம்." நான் கறுப்பும் அழகும். அப்படியும் வாசிக்கலாம். அந்தச் சின்ன "உம்" என்னை என்ன செய்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒரே நாளில் எல்லாம் மாறவில்லை. முகம் ஆற ஒன்றரை வருடம் எடுத்தது, மனம் அதைவிட மெதுவாக ஆறுகிறது. பில்டரை நிறுத்தவே இவ்வளவு காலம் போயிருக்கிறதே. சில காலை கண்ணாடிக்கு முன்னால் பழைய குரல் வரும். அப்போது ஏசாயா 53ஐ நினைப்பேன். வரப்போகிறவரைப் பற்றி, அவரை விரும்பத்தக்க ரூபம் அவருக்கு இல்லை என்று எழுதியிருக்கிறது. நான் கும்பிடுகிறவரையே சனம் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவருக்கு முன்னால் நான் என் முகத்தை ஏன் மூடவேண்டும்? இப்போது நானும் ஞாயிறு பாடசாலையில் படிப்பிக்கிறேன். பாவத்துக்குக் கறுப்புக் காகிதம் வெட்டுவதில்லை. ஊத்தை பட்ட துணியைக் காட்டுகிறேன், பிள்ளைகளுக்கு நன்றாகவே விளங்குகிறது.

இன்னொன்று. இந்த எண்ணம் முற்றி, சாப்பாடு நித்திரை இல்லாமல், வாழவே வேண்டாம் என்ற அளவுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஜெபியுங்கள், அதோடு ஒரு வைத்தியரிடமும் போங்கள். இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம் 1926. அழைப்பது விசுவாசக் குறைவு இல்லை.

நேற்று அம்மாவிடம் இந்த வீடியோ எடுக்கப்போகிறேன் என்று சொன்னேன். என் நிறம் அம்மாவின் நிறம். அம்மா உரும்பிராய்ப் பக்கம் மற்ற ஆட்களின் முந்திரிகைத் தோட்டத்தில் இருபது வருடம் கூலிக்கு நின்றவ, வெயில் அவவை இன்னும் கறுப்பாக்கியது. விறாந்தையில் இருத்தி, உன்னதப்பாட்டின் அடுத்த வசனத்தை வாசித்தேன்: வெயில் என்மேற்பட்டது, என்னைத் திராட்சத்தோட்டங்களுக்குக் காவற்காரியாக வைத்தார்கள், என் சொந்தத் திராட்சத்தோட்டத்தையோ நான் காக்கவில்லை. திராட்சை என்றால் எங்கள் முந்திரிகைதான் அம்மா, என்றேன்.

அம்மா கொஞ்ச நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு, "முந்திரிகைத் தோட்டத்திலை நிண்ட பொம்பிளையோ? வேதத்திலையோ?" என்று கேட்டா.

ஓம் அம்மா, என்றேன்.

"இன்னொருக்கால் வாசி" என்றா.